மூடி மூடியிருக்கிறது

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. மொனிகிரா என்ற ஊரில் நான் பராமரிப்பு எலக்ட்ரீஷியனாக இருந்த கொய்யா அல்வா ஆலையில், அல்வா வெட்டும் எதெல்மிராவின் மோதிர விரல் இயந்திரத்தில் வெட்டுப்பட்ட மறுநாள் அதைக் கொடுத்தார்கள். 'நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' கீழே ஆறு வரிகள். 'இயந்திரத்தில் பழுது இல்லை' என்று ஒரு வரி எழுதி, ரூபியேல் என்று கையெழுத்துப் போட்டேன். மிச்சம் ஐந்து வரியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

முதல் தொடக்கம்: 'அன்று காலையிலிருந்தே வானம் இருண்டு' – இல்லை, நல்ல வெயில்.

இரண்டாவது: 'விதி எதெல்மிராவின் விரலை' – விதிக்கு அந்த இயந்திரத்தை இயக்கும் பி.எல்.சி. என்ற கணினிப் பெட்டியின் கடவுச்சொல் தெரியாது. எனக்கும் இன்ஜினியர் லிசாந்த்ரோவுக்கும்தான் தெரியும்.

2

ஆகவே இப்படி. அல்வா வெட்டும் இயந்திரத்தின் மூடியைத் தூக்கினால் கத்தி நிற்க வேண்டும். மூடியிலிருக்கும் சென்சார் பி.எல்.சி.க்குச் சொல்லும், அது மோட்டாரை நிறுத்தும். மார்ச்சில் அந்த சென்சார் கெட்டு, மூடியிருக்கும்போதே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்தி நின்றது.

"புது சென்சார் வர்ற வரைக்கும் ஃபோர்ஸ் போட்டுடுங்க. ரெண்டே நாள்" என்றார் இன்ஜினியர்.

போட்டேன். (ஃபோர்ஸ் என்பது, சென்சார் சொல்வதைக் காதில் வாங்காதே, மூடி மூடியிருக்கிறது என்றே நம்பு என்று பி.எல்.சி.க்குக் கட்டளையிடுவது. அது நம்பும்.)

இரண்டு நாள் மார்ச்சிலேயே முடிந்தது, புது சென்சாரும் வந்து மாட்டியாயிற்று. ஃபோர்ஸ் முடியவில்லை. விபத்து மே மாதம்.

3

ஐதே என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருடமாக எதெல்மிராவின் பக்கத்து மேசையில் அல்வாவை இலையில் சுற்றுகிறாள். திடீரென்று சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்து பி.எல்.சி. புரோகிராம் எழுதப் படிக்கிறாள். கதையில் வைத்தால் யார் நம்புவார்கள்? [இங்கே உருக்கமான காரணம் ஒன்று.] நான் கேட்டபோது அவள் சொன்ன காரணம்: "சுத்திச் சுத்தி போரடிச்சிடுச்சு."

விபத்து விசாரணை அறையில் எதெல்மிரா, ஐதே, இன்ஜினியர், நான் எல்லோரும் இருந்தோம்.

"மூடியைத் தூக்கினேன், இன்ஜினியர். கத்தி நிக்கல" என்றாள் எதெல்மிரா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

"தூக்கினா நிக்கும். நிக்கலைன்னா நீங்க தூக்கல. பக்கவாட்டுல கையை விட்டிருக்கீங்க."

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. விதியை மீறியதாக அவளை வேலையிலிருந்து நீக்க ஏற்பாடாயிற்று. நான் மேசையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு.

4

மதிய இடைவேளையில் ஐதே வந்து, கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

"இந்த மஞ்சள் விளக்கு ஏன் எரியுது?"

"அது எப்பவும் எரியும்."

"எங்க வகுப்புல ஃபோர்ஸை எடுக்க மறந்து இது எரிஞ்சா வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். எப்பவும்னா எப்பலேர்ந்து, ரூபியேல்?"

[இங்கே நான் ஒரு நீண்ட பதில் எழுதியிருந்தேன். அப்போது செய்ததெல்லாம் அந்த விளக்கின் தூசியைத் துடைத்ததுதான் என்பதால் அடித்துவிட்டேன்.]

தன் வகுப்பு மடிக்கணினியைப் பெட்டியில் இணைத்து என் பக்கம் திருப்பினாள். "கடவுச்சொல்லை அடிங்க."

மறுத்திருக்கலாம். அடித்தேன். ஃபோர்ஸ் பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது. வெறும் இயந்திரத்தை ஓடவிட்டு, நீளமான குச்சியால் மூடியைத் தூக்கினாள். கத்தி அதுபாட்டுக்கு ஓடியது. அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி தூக்கினாள். நின்றது.

"முதல் மாசப் பாடம் இது" என்றாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை. "திங்கட்கிழமை வரைக்கும் உங்களுக்கு டைம். அப்புறம் நான் போய்ச் சொல்லிடுவேன்."

5

முடிவு அ: அந்தக் கணமே நான் அலுவலகத்துக்கு நடந்தேன், நெஞ்சு நிமிர்ந்து. (எழுதியதைப் படித்த ஐதே, 'நெஞ்சு' என்பதை மட்டும் வட்டமிட்டுச் சிரித்தாள்.)

முடிவு ஆ: நான் பேருந்தேறி துன்ஹா நகரத்துக்குத் தப்பி – இதை உண்மையிலேயே யோசித்தேன். நேர அட்டவணைகூடப் பார்த்தேன்.

நடந்தது: திங்கட்கிழமை காலை புதுப் படிவம் கேட்டு வாங்கி, யார் சொன்னார், யார் செய்தார் என்று ஆறு வரியும் எழுதினேன். எனக்கு வேலை போயிற்று, இன்ஜினியருக்கும். எதெல்மிராவை நீக்கவில்லை. வெட்டும் இயந்திரம் இப்போது ஐதேயின் பொறுப்பு.

முடிவு இதுவல்ல. ஒரு வாரம் கழித்து எதெல்மிராவின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினாள். நான் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பை ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டு மாசமா தினமும் என்கூடத்தானே உக்காந்து சாப்பிட்டீங்க. ஒரு நாள்கூட அந்த மூடி ஞாபகத்துக்கு வரலையா?"

வரவில்லை என்று சொல்லலாம். அப்படியானால் நான் மறதிக்காரன். வந்தது, ஆனால் ஆலை தடங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். அப்படியானால் நான் வேறு ஒருவன். எது உண்மை என்று எனக்குத் தெரியும். அவளிடம் எதைச் சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. நான் சொல்லும் எதையும் நீங்கள் இனி அந்த பி.எல்.சி. மாதிரி நம்பக் கூடாது.

அவள் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். என் இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். சொல்லுங்கள்.