எல் சைஸ் மௌஸ்

“அப்பா, ஒத்தக் கையால கும்பிட்டா சாமிக்குக் கேக்குமா?”

இரண்டாம் வகுப்பு படிக்கும் கிருஷ்ணப்ரியா இப்படிக் கேட்டபோது பத்மகுமார் சிரித்துவிட்டான். தக்கலையில் அவன் நடத்தும் நோட்டீஸ் கடையில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பிரிஜாவின் இடது கையைத்தான் பிள்ளை காட்டினாள். அந்தக் கைக்குள் இருந்தது சாதாரண மௌஸ் இல்லை. சுறாவின் துடுப்பைப் போல நிமிர்ந்து நிற்கிற மௌஸ். அதைப் பிடித்தால் உள்ளங்கை கவிழாது. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் முன்னே நீண்டு, பாதிக் கும்பிடு மாதிரி தெரியும்.

“மத்தக் கைய பொறவு சேத்துக்கிடலாம் மக்கா” என்றாள் பிரிஜா.

பிரிஜா குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். அம்மன் கொடையோ அந்தோணியார் திருவிழாவோ, கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, அந்த வட்டாரத்து நோட்டீஸ் எல்லாம் அவள் கை வழியாகத்தான் அச்சுக்குப் போகும். போன மழைக்காலத்தில் அவளுடைய வலது மணிக்கட்டு நோகத் தொடங்கியது. விரல்கள் மரத்தன, சோறு வடிக்கக்கூட முடியவில்லை. கையைக் கவிழ்த்து வைத்தே வேலை செய்தால் நரம்பு கெட்டுப்போகும், பிறகு இந்த வேலையையே விட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அந்த வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்தான்.

பத்மகுமாருக்கு அது மனதில் கிடந்து உறுத்தியது. மை வாங்க மார்த்தாண்டம் போன இடத்தில், ஒரு கடையின் தள்ளுபடி விலைக் கூடையில் இந்த மௌஸைப் பார்த்தான். மணிக்கட்டு வலிக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னார். பெட்டியில் ‘எல்’ என்று ஓர் எழுத்து இருந்தது. கோயில் கமிட்டிகளுக்கு பனியன் அச்சடித்துக் கொடுக்கிறவன் அவன். எம், எல், எக்ஸ்எல் என்பது அவனுக்கு நித்தியப் பாடம்.

“பெரிய சைஸே இருக்கட்டும்னு எல் வாங்கினேன். கை நல்லா அடங்கும்” என்று பெருமையோடு நீட்டினான்.

பிரிஜா அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அளவு சரியா இருக்குண்ணே” என்றாள். வலது கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் இடது கையில் பழகிக்கொள்கிறேன் என்று சொல்லி, அதை இடது பக்கம் வைத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் திரையில் அம்புக்குறி, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. அவள் சலிக்கவில்லை. கொஞ்ச நாளில் இடது கை சொன்னபடி கேட்டது. வலது கைக்கும் வலி தணிந்தது. தான் வாங்கிக் கொடுத்த சின்னச் சாமான் ஒருத்தியின் கையைக் காப்பாற்றிய கதையை, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பத்மகுமார் சொல்லி மகிழ்ந்தான்.

அம்மன் கோயில்களில் கொடைத் திருவிழாக் காலம் வந்தது. கோயில் கமிட்டிச் செயலாளர் நாராயணபெருமாள் அம்மன் படத்தோடு வந்தார். நல்ல மனுஷர், நெற்றியில் திருநீறு கலையாதவர். பிரிஜாவின் இடது கை அம்மன் முகத்தைத் திரையில் நகர்த்துவதைப் பார்த்து நெளிந்தார்.

“குத்தமா நினைக்காத பிள்ளே. அம்மன் படத்த இடங்கையால செய்யப்பிடாது. எனக்கு மனசு ஒப்பல்ல” என்றார்.

புது மௌஸையே வலது பக்கம் மாற்றிப் பிடிக்கலாமே என்று பத்மகுமார் யோசனை சொன்னான். பிரிஜா அவசரமாகத் தலையசைத்தாள். “அது அங்கயே இருக்கட்டும்ணே.” மேசை இழுப்பறையிலிருந்து பழைய தட்டை மௌஸை எடுத்து வலது கையில் பிடித்தாள். அம்மன் கிரீடத்து முத்துகளையும் பிச்சிப்பூ மாலையின் ஒவ்வொரு இதழையும் சாயங்காலம் வரை வெட்டிச் சேர்த்தாள். நாராயணபெருமாள் மனம் குளிர்ந்து போனார்.

மறுநாள் அவள் வரவில்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது, விரல் மடங்கவில்லை, ஞாயிறு கழித்து வருகிறேன் என்று போனில் சொன்னாள். குரலில் குறை ஏதும் இல்லை.

நோட்டீஸில் ஒரு பெயர் திருத்த வேண்டியிருந்தது. பத்மகுமாரே அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்த மௌஸை வலது பக்கம் நகர்த்திப் பிடித்தான். பிடி நிற்கவில்லை. விரல்கள் வழுக்கின, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பட்டன்கள் இருந்தன. இடது கையில் பிடித்துப் பார்த்தான். வார்த்து வைத்ததுபோலப் பொருந்தியது. கவிழ்த்துப் பார்த்தான். அடியிலும் அதே ‘எல்’.

சைஸ் இல்லை. லெஃப்ட்.

அவனுக்குக் காது மடல் சூடேறியது. அவள் அன்றைக்கே கண்டுகொண்டிருக்கிறாள். அவன் முகம் வாடக் கூடாது என்பதற்காக ஒரு கையையே புதிதாகப் பழக்கியிருக்கிறாள். நேற்றும் அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் நோவைத் தாங்கினாள். கடவுள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பொய்களும் உலகத்தில் இருக்கும் போலும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பிரிஜா சர்ச்சில் பூசையில் இருந்திருக்கும் நேரம், பத்மகுமார் தனியாக வந்து ஷட்டரைப் பாதி தூக்கினான். முந்தின நாள் மார்த்தாண்டம் கடையில் பிடித்துப் பார்த்து வாங்கிய பெட்டியைப் பிரித்தான். இதில் ‘ஆர்’ என்று இருந்தது. அந்த சைஸில் எந்தக் கமிட்டியும் பனியன் கேட்டதில்லை.

கீபோர்டுக்கு வலது பக்கம் அதை வைத்து இணைத்தான். இடது பக்கத்து மௌஸைத் துணியால் துடைத்து அதன் இடத்திலேயே வைத்தான். பழைய தட்டை மௌஸையும் காலிப் பெட்டியையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மேசையில் நிமிர்ந்த மௌஸ் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றன, கும்பிடச் சேரப்போகும் இரண்டு உள்ளங்கைகள் மாதிரி.

அவள் கேட்டால், பழைய ஸ்டாக்கில் கிடந்தது, அளவு சரியா இருக்கா பாரு என்று சொல்லிக்கொள்ளலாம். பத்மகுமார் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் ஷட்டரை இறக்கினான்.