பனி கிடக்கும் இடம்

அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் நடை பழகும்போதே சொல்லித் தரப்படுவது ஒன்றுதான். பனி கிடந்தால் கீழே மண் குளிர்ந்திருக்கிறது, தைரியமாகக் கால் வை. பனி உருகி மண் தெரிந்தால் அடியில் கொதிக்கிறது, கிட்டே போகாதே. ஊரே கறுப்பு ரொட்டி மாவைத் தகர டப்பாவில் அடைத்து அந்தச் சூட்டு நிலத்தில்தான் புதைத்து வேகவைத்தது. இதுவரை யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அதனாலேயே அந்த நிலம் தங்கள் பேச்சைக் கேட்கும் என்ற நினைப்பு அவர்களுக்கு வந்துவிட்டது. அவர்களில் தோராரின் என்பவனுக்கு அது கொஞ்சம் அதிகம்.

அவன் தங்கை ஹில்தூர் அப்படி நம்புகிறவள் அல்ல. முந்தின வாரம் முழுக்க பூமி விட்டு விட்டு அதிர்ந்தது. அலமாரியில் கோப்பைகள் கிடுகிடுத்தன. அருவிக்குப் போகும் வழியில் பாறை சரிந்தது. தெளிவாகக் கொதித்துக்கொண்டிருந்த ஊற்று ஒன்று சேறாகிப் போனது. கடைசி இரவில் கனமாகப் பனி கொட்டி எல்லாவற்றையும் மூடியது. மறுநாள் காலை, டென்மார்க்கிலிருந்து அருவி பார்க்க வந்திருந்த ஒரு தம்பதி, ரொட்டி தோண்டி எடுப்பதையும் பார்க்க வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணா, இன்னைக்கு வேணாம். சூடு பாக்குற கம்பியை ஊன்றிப் பாத்துட்டு நாளைக்குப் போகலாம்," என்றாள் ஹில்தூர்.

"நீ கம்பி ஊன்றி முடிக்கிறதுக்குள்ள ரொட்டி கரியாயிடும். அங்க பாரு, வெள்ளைவெளேர்னு கிடக்கு. இதை விடவா உனக்கு அத்தாட்சி வேணும்?"

"நடுவுல லேசா தொங்கின மாதிரி இருக்கே."

"உன் மூஞ்சிதான் தொங்கிக் கிடக்கு. பயமா இருந்தா வீட்ல போய் வெண்ணெய் எடுத்து வை, போ."

டென்மார்க்காரர்கள் சிரித்தார்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் பின்னாலேயே போனாள். அவனைத் தனியாக விட மனசு கேட்கவில்லை.

தோராரின் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்தவர்களைச் சூட்டு நிலத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, பனி கிடந்த இடமாகப் பார்த்து நடந்தான். ஆவி வரும் வெறும் மண்ணை ஒதுக்கி ஒதுக்கித்தான் போனான். ஒரு குறையும் சொல்ல முடியாது. டப்பா புதைத்த இடத்துக்கு அருகே போனபோது பனி அப்படியே உள்வாங்கியது. அடியில் கொதித்த சேற்றில் இடுப்பு வரை இறங்கினான். அவன் போட்ட அலறலைக் கேட்டு மேய்ச்சலில் நின்ற குதிரைகள் ஓடின.

டென்மார்க்காரன் பனியில் பாயப் போனான். ஹில்தூர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினாள். அதிர்வில் சூடு இடம் மாறிவிட்டது; பனிக்குக் கீழே எங்கே ஓட்டை, எங்கே நிலம் என்று இனி யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது அந்த வெறும் மண் ஒன்றுதான். அது சுடும், ஆனால் கெட்டி. அவள் குப்புறப் படுத்து அதன் மேலேயே ஊர்ந்து போனாள். உள்ளங்கையும் முழங்காலும் வெந்தன. விழுந்து கிடந்த மண்வெட்டியை எட்டி எடுத்து, அதன் காம்பை நீட்டினாள்.

"பிடி. பிடிடா அண்ணா. விட்டுடாத."

பிடித்தான். இழுத்துவிட்டாள். அவன் கால்களை அவள் பார்க்கவில்லை. டென்மார்க்காரன் மனைவி பார்த்தாள், பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஹெலிகாப்டர் வந்தது, தலைநகர ஆஸ்பத்திரி வந்தது, பலனில்லை. அவன் சில நாள் தாங்கினான். கைக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு சாயங்காலம் கேட்டான்.

"வெறும் மண்ணுலதானே கால் வச்சேன்?"

"இல்லண்ணா. பனி மேலதான் வச்ச."

"இருக்காது. நான்தான் தப்பா வச்சிருப்பேன்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாகப் போகிறவனோடு என்ன வழக்கு என்று வாயை மூடிக்கொண்டாள். பார்க்க வந்த பக்கத்துப் பண்ணை ஸ்துர்லாவிடமும் அவன் அதையே சொல்லிவிட்டுச் செத்தான்.

அடக்க நாளில் தேவாலயத்து வாசலில் ஸ்துர்லாவைக் காணோம் என்றதும் ஹில்தூர் விசாரித்தாள். அடக்கம் முடிந்து காபிக்கு ரொட்டி வேண்டுமே என்று, அவன் மருமகள் முந்தின நாளே டப்பா புதைத்திருந்தாளாம். இருவரும் எடுக்கப் போயிருக்கிறார்கள். துக்க உடையோடு காரை விரட்டிக்கொண்டு அங்கே போனாள். இரவு விழுந்த புதுப் பனி அண்ணன் விழுந்த குழியைக்கூட மூடியிருந்தது. ஸ்துர்லா மருமகளைப் பின்னால் விட்டுக்கொண்டு விளிம்பில் நின்றான்.

"கால் வைக்காதீங்க!"

"அம்மா ஹில்தூர், உன் துக்கம் எனக்குப் புரியுது. நேத்து இவ பனி மேலதான் போயிட்டு வந்தா. உன் அண்ணனே என்கிட்ட சொன்னான், வெறும் மண்ணுல வச்சிட்டேன்னு. சாகப் போறவன் பொய் சொல்லுவானா?"

"அவனுக்குத் தெரியல. தெரியாமலே செத்தான்."

"நாற்பது வருஷமா இதுலதான் நடக்கிறேன்."

"அவனும் நடந்தான்!"

ஸ்துர்லா தலையை ஆட்டிக்கொண்டு காலைத் தூக்கினான். ஹில்தூர் பல்லால் கைக்கட்டைப் பிரித்தாள். தோல் போன இரண்டு உள்ளங்கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க. வெறும் மண்ணுல போனவ நான். வெந்து போய் உயிரோட நிக்கிறேன். பனி மேல போனவன் அங்க பெட்டியில கிடக்கான். எங்க அண்ணன் முட்டாள்தனமா செத்தான், ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றேன், போதுமா? காலை எடுங்க!"

மருமகள் அழ ஆரம்பித்தாள். ஸ்துர்லா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காலைப் பின்னுக்கு வைத்தான்.

காபிக்குக் கடையில் வாங்கிய பிஸ்கட்தான் வைத்தார்கள். ஹில்தூர் சொன்னது அவளுக்கு முன்பே கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அண்ணனை அவன் அடக்க நாளிலேயே முட்டாள் என்றவள் பக்கத்தில் உட்கார ஒருவருக்கும் மனம் வரவில்லை. கை வலியில் கோப்பையைத் தூக்க முடியாமல், ஆறிப் போகும் காபியைப் பார்த்துக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கூடத்தின் மறுகோடியில் ஸ்துர்லாவின் மருமகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.