நட்சத்திரம் போட்ட நெய்

“சொட்டணும், நீரஜா! சாப்பாடுன்னாலே சொட்டச் சொட்ட—”

“ஒரு சொட்டு கிடையாது. டாக்டர் தலையில அடிச்சுண்டு—”

“அவருக்குப் பழைய ஜெர்மானிய பாஷை தெரியுமா?”

“உங்க நெஞ்சு தெரியும். போதும்.”

மயிலாப்பூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை இலையில் சாதத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. கல்லூரியில் மொழியியல் கற்பிக்கும் ஸ்ரீரங்கன் இலை முன்னால். அவர் மனைவி, கணக்கு டீச்சர் நீரஜா, நெய்க்கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு எதிரே. மாரடைப்பு வந்து பிழைத்ததிலிருந்து அவருக்கு நெய் விலக்கு.

“அந்த பாஷையில மட்டிஸ்னு ஒரு வார்த்தை. சாப்பாடுன்னு அர்த்தம். அதோட வேரே நனையறது, கொழுப்பு சொட்டறதுன்னு ஒரு கட்சி சொல்றது.”

“எந்த ஓலையில எழுதியிருக்கு?”

“எங்கேயும் இல்லே. அதுலேருந்து வந்த வார்த்தை கோதிக் பாஷையில ஒண்ணு, பழைய இங்கிலீஷ்ல ஒண்ணு, ஸ்காண்டிநேவியாவுல ஒண்ணு. மூணும் அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடை. அப்போ அம்மா ஒருத்தி இருந்தாகணுமே? அவளை யாரும் கண்ணால பாக்காததால அந்த வார்த்தைக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டுடுவோம்.”

“ஓஹோ. நேத்து தேனாம்பேட்டைக்குப் போயிட்டு வந்தேள். கைக்குட்டையில மஞ்சக் கறை. மூக்குக்கண்ணாடியில பிசுக்கு. ராத்திரி பசியே இல்லேன்னுட்டேள். மூணும் ஒரே ஜாடை. அம்மா பேரு நெய் ரோஸ்ட். யாரும் பாக்கலை. நட்சத்திரம் போட்டுக்கறேன்.”

ஸ்ரீரங்கனுக்குப் புரை ஏறியது. இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

“கைக்குட்டை என் சிநேகிதன் பத்ரிநாராயணனோடது. கடன் வாங்கின சாமானைச் சாட்சியா வெச்சுக்கறது முறையில்லே.”

“சரி, அது போகட்டும். மிச்சம் ரெண்டு பொண்ணுக்கும் அம்மா வேண்டாமா?”

அவர் குரலை இறக்கினார். “அன்னசுத்திக்காவது விடு. நெய் படாத சாதத்துல நான் கை வெச்சதுண்டா?”

அதை அவளால் தட்ட முடியவில்லை. கரண்டிக் காம்பின் நுனியை நெய்யில் தொட்டு, சாதத்தின் தலையில் ஒரு பொட்டு வைத்தாள்.

“இது நெய்யா? நெய்யைப் பத்தின வதந்தி.”

“அந்த மட்டிஸ்னு சொல்லிண்டு சொட்டச் சொட்டச் சாப்பிட்டாளே, அவாள்ள ஒருத்தராவது இப்போ உயிரோட இருக்காளா?”

“அது எப்படி இருப்பா? அதனாலதானே நட்சத்திரம்.”

நீரஜா கிண்ணத்தை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். திரும்பவில்லை.

“உங்க பேருக்கு முன்னாடி அந்த நட்சத்திரத்தைப் போட்டுண்டு நான் இந்தாத்துல இருக்கமாட்டேன். சாதம் ஆறறது பாருங்கோ.”