எருக்குழி ஓரத்து மண்

யூரியாக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். நெற்பயிர் லேசாக வெளிறினால் போதும், மூட்டையைப் பிரித்துவிடுவார். பக்கத்து வயல் அவர் மனைவியின் தம்பியுடையது. அவனோ சாணி, வைக்கோல், இலைதழை என்று கண்டதையும் மட்கவைத்து நிலத்தில் கொட்டுகிறவன். இரண்டு வயலுக்கும் நடுவே அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம் கிடந்தது. இந்தப் பருவம் அதில் யார் பயிர் வைப்பது என்று யூரியாக்காரரும் மச்சினனும் முட்டிக்கொண்டார்கள்.

மனைவிதான் ஒரு வழி சொன்னாள். “அவங்கவங்க வயல் மண்ண எடுத்துப் பரிசோதனைக்குக் குடுங்க. யார் மண்ணுல கார்பன் அதிகமோ, நடுவயல் அவங்களுக்கு.”

யூரியாக்காரர் தன் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மட்கிய சாணியும் தழையும் மண்ணில் விட்டுப்போகிற சத்துதான் கார்பன் என்பது அவருக்கும் தெரியும். அவர் வயலில் தழை விழுந்து எத்தனை வருஷம்! காய்ந்தால் அந்த மண் செங்கல். தோற்றால் நிலம் போவது ஒருபுறம். மச்சினன் ஆயுளுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானே, அதை யார் தாங்குவது?

ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த மதிய நேரத்தில், துணிப்பையும் மண்வெட்டியுமாக மச்சினன் வயலில் இறங்கினார். முறைப்படி பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, கலந்து, அதில் அரைக் கிலோ எடுக்க வேண்டும். திருட வந்த மனுஷனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? எருக்குழி ஓரத்தில் மண் கறுகறுவென்று கிடந்தது. அங்கேயே ஒரே வெட்டாக வெட்டிப் பையை நிரப்பிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்.

பத்து நாள் கழித்து மூவரும் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்கள். மச்சினன் மண்ணில் கார்பன் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. யூரியாக்காரர் மண்ணில் இரண்டைத் தொட்டிருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பரிசோதனை செய்த அம்மாவுக்கும் ஒரே பூரிப்பு. “அருமையா வச்சிருக்கீங்க சார்! வெறும் யூரியா பயிரைப் பச்சையாக்கும், மண்ணுக்கு இந்தக் கார்பனைக் குடுக்காது. நீங்க இத்தன வருஷமா எரு போட்டிருக்கீங்க, அதையே விடாம போடுங்க. யூரியா பாதி போதும். மண்வள அட்டையிலயும் எழுதியிருக்கேன்.”

மனைவி அட்டையை வாங்கி, வரி விடாமல் படித்து, பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். “நடுவயல் உங்களுக்குத்தாங்க. ஆனா அட்டையில இருக்கற மாதிரிதான் செய்யணும். நாளைக்கே ஐம்பது கூடை எரு போட்டுடுங்க.”

“நானா? எருவுக்கு நான் எங்க போவேன்?”

“என் குழியில இருக்கு, எடுத்துக்குங்க அத்தான்,” என்றான் மச்சினன், வாயெல்லாம் பல்லாக. “வழிதான் உங்களுக்குத் தெரியுமே.”

யூரியாக்காரரின் முகம் சுண்டிப்போனது. உண்மையைச் சொன்னால் திருட்டுப் பட்டம், சொல்லாவிட்டால் சாணிக்கூடை. வேறு வழி?

மறுநாள் காலை முதல் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டவள் மனைவிதான். சாணித் தண்ணீர் நெற்றியில் வழிய, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

“ஏங்க,” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். “அன்னிக்கு மத்தியானம் குழி ஓரத்துல ஒரு பள்ளம் வெட்டினீங்களே, வரும்போது அதையும் மூடிட்டு வந்துடுங்க. யாராவது கால் இடறி விழுந்துடப் போறாங்க.”