உப்பும் செபமும்

விதுஷா இறந்த முப்பத்தோராம் நாள் செபத்தில் அல்பிரட் அங்கிளின் வாயிலிருந்து ஓடில்லாத நத்தை ஒன்று விழுந்தது. அவர் "அருள் நிறைந்த மரியே" என்பதை நிறுத்தாமல் சொல்லி முடித்தார். வெஸ்ட் வின்ட்சர் வீட்டு விலைகளைப் பேசிவிட்டுச் செபமாலையை எடுத்த பத்மராணி ஆன்ரிக்கு இரண்டு விழுந்தன. கார்ப்பெட்டில் பளபளத்த கோடுகளைத் தாண்டி எல்லோரும் மட்டன் ரோல்ஸ் எடுக்கப் போனார்கள். விதுஷாவின் கணவன் சயந்தன் உப்பு தூவினான். அவை நுரைத்துச் சுருங்கின. அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அதன்பின் மாதாமாதம் செபத்துக்கு வந்தார்கள். மாதாமாதம் உப்பு வாங்கினான்.

அவன் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் விதுஷா அவனிடம் கேட்டிருந்தாள்: "எனக்காக ஒரு செபமாலை நீங்கள் சொல்லோணும். மற்ற ஆக்கள் சொல்லுறது கணக்கில்லை." ஓம் என்று ஒப்புக்கொண்டிருந்தான். அவனுக்கு நம்பிக்கை இல்லை, அழுகையும் வரவில்லை. அவளுக்கென்று சொல்வதும் அந்த வழவழப்பாகவே விழுந்துவிடும் என்று பயந்தான்.

விதுஷாவின் அக்கா வதனி அவனை நூவர்க்கில் இருந்த போர்த்துக்கேயப் பாதிரியாரிடம் அனுப்பினாள். நத்தைகளைப் பற்றிக் கேட்டு அவர் வியக்கவில்லை. தங்கள் ஊரிலும் மழைக்காலத்தில் அதிகம் விழும் என்றார். செபிப்பதற்குத் தங்கள் மொழியில் 'ரெசார்' என்பார்கள், உரக்க வாசித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றார். அந்தச் சொல் வாயைத்தான் கேட்கிறது, மனம் பிந்தி வரலாம், வராமலும் போகலாம்.

"அப்படியென்றால் அந்த நத்தைகள்?"

"செபம்தான்."

காரில் வரும்போது, தான் உப்பிட்டுக் கொன்றவற்றை நினைத்துச் சயந்தனுக்கு மறுபடி அருவருப்பு வந்தது. இம்முறை நத்தைகள்மீது அல்ல, தன்மீது.

வீட்டுக்கு வந்து அவளுடைய செபமாலையை எடுத்தான். மனம் எங்கும் போகவில்லை, எதுவும் வரவில்லை. வாய் மட்டும் சொல்லிக்கொண்டு போனது. கடைசி மணியில் உள்ளங்கையில் விழுந்தது, சிறியது, குளிர்ந்தது. பழக்கத்தில் கை உப்புப் போத்தலுக்குப் போனது. போத்தலை மூடி வைத்தான்.

மறுநாள் வதனி வந்து, நத்தையை விட்டிருந்த கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"உது என்ன சயந்தன்?"

"விதுஷாவுக்குச் சொன்னது."

"என்னத்தைத் தின்னும்?"

"லெட்டூஸ்."

"கடை லெட்டூஸில மருந்து அடிச்சிருப்பாங்கள். கழுவிப் போடும்," என்று குழாயைத் திறந்தாள். அன்று முதல் அந்த வீட்டில் உப்பு கறிக்கு மட்டும் போனது.