எல்லோருக்கும் போன கேள்வி

வீட்டில் பாப்பா என்று கூப்பிடப்பட்ட அவளுக்கு, மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. லிஃப்ட் மெக்கானிக் ஒருவனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கருத்தரிப்பதற்கு முன்பே பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டது அவனுடைய தங்கை. தங்கைக்குப் போன வருடம்தான் கல்யாணமாகியிருந்தது. "நானும் சேர்றேன் அண்ணி, அவங்கவங்க வீட்டுல இருந்தே ஒண்ணா கேட்போம்" என்றாள்.

அன்றைய வகுப்பு மருந்துகளைப் பற்றியது. லேப்டாப் திரையில் டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். "வலிப்புக்குச் சாப்பிடுற சில மாத்திரைங்க வயித்துல இருக்கிற குழந்தையைப் பாதிக்கலாம். கர்ப்பமாகிறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்து மாத்திக்கலாம். ஆனா பயந்துபோய் நீங்களா நிறுத்திடாதீங்க."

பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவள் விழுங்கிவருவது வலிப்பு மாத்திரைதான். மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரியாது. அம்மா வாயைத் திறக்க விடவில்லை. டாக்டருக்கு மட்டும் போகும் என்று நினைத்து, "எனக்கு வலிப்பு இருக்கிறது. அடுத்த மாதம் கல்யாணம். நான் என்ன செய்ய வேண்டும்?" என்று தட்டி அனுப்பினாள்.

கேள்வி எல்லோருடைய திரையிலும் அவள் பெயரோடு வந்து நின்றது.

அழிக்கப் போனாள். அதற்குள் எல்லோரும் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். வரிசையாகத் தெரிந்த முகங்களில் நாத்தனாராகப் போகிறவள் முன்னால் குனிந்து படிப்பது தெரிந்தது. பிறகு அந்தக் கட்டம் இருண்டது. கேமராவை அணைத்துவிட்டாள்.

டாக்டர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. வகுப்பு முடிந்ததுமே போன் அடித்தது. அழைத்தது நாத்தனார்தான்.

"சிநேகிதிக்காகக் கேட்டேன்னு சொல்லு." பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் வாழ்க்கையில நீயே மண்ணைப் போட்டுக்காதே."

பாப்பா கையை விடுவித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"உங்களுக்குத்தானா அது?" அண்ணி என்ற வார்த்தை வரவில்லை.

"எனக்குத்தான்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிடுங்க. இப்பவே."

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பாப்பா அவனை அழைத்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன், "தினமும் பேசினோமே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் கடையில் அவள் தேய்த்த லென்ஸ் எதுவும் பிரேமில் உட்காரவில்லை. மதியம் அவன் வந்து நின்றான், கிரீஸ் படிந்த வேலை உடுப்போடு. தூங்காத முகம். முதலாளி மெல்ல உள்ளே நழுவினார்.

"மறைச்சதுக்குக் கோபம் இருக்கு. அது ஆற நாளாகும்" என்றான். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணுமே காதுல விழல. உங்க தங்கச்சிதான் கேட்டு, காலையில மெசேஜ் போட்டிருந்தாங்க. மாத்திரையை மாத்தி, உடம்புக்கு ஒத்துக்குதான்னு பார்க்கச் சில மாசம் ஆகுமாம். அதுக்கப்புறம்தான் குழந்தையைப் பத்தி யோசிக்கணுமாம்."

"ஆகட்டும். யாரு துரத்துறா." அவன் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "வலிப்பு வந்தா நான் என்ன செய்யணும்?"

அவளிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

"பக்கவாட்டில சாய்ச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் திணிக்கக் கூடாது."

"சரி, வேற?" என்றபடி அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.