ஹாலந்து வானம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மங்களம் வேலை பார்த்த கம்பெனியில் தகடு அடிக்கிற மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டால், பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. சாப்பாட்டு அறைச் சுவரில் மட்டும் ஒரு படம். ஹாலந்திலிருந்து வந்த மிஷினோடு கொடுத்த காலண்டர் அது. வருஷம் முடிந்து தேதித் தாள் போனபிறகும் படத்தை யாரும் கழற்றவில்லை. முக்கால்வாசி வானம், சாம்பல் மேகம். அடியில் ஒரு கால்வாய், இரண்டு மாடு, தூரத்தில் ஒரு காற்றாலை.

மங்களமும் அவளோடு வேலை பார்த்த ஷோபனாவும் அதற்கு எதிரேதான் உட்காருவார்கள். அரைமணி நேரம், பேச்சே இல்லாமல், அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். மங்களத்தின் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான அரைமணி பிறகு வாய்க்கவில்லை.

ஷோபனாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டது கேட்காமல் நின்றதற்கு ஒருநாள் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். மங்களம் தலையைக் குனிந்துகொண்டு தகட்டை அடுக்கினாள். மறுநாளிலிருந்து ஷோபனா வரவில்லை. போய்ப் பார்க்க மங்களத்துக்கு முகமில்லை.

இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன ஐப்பசியில், மகன் அஸ்வினோடு பட்டாபிராம் ஃப்ளாட்டில் இருக்கும் மங்களம், செங்குன்றத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. வெள்ளானூரை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஏரி தளும்பி நின்றது. மேலே பெரிய சாம்பல் வானம். கரையில் இரண்டு மாடு அசையாமல் நின்றன. மங்களம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள். ஷோபனாவுக்கு இதே ஊர்தான்.

நாலு பேரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த ஷோபனா நிமிர்ந்து பார்த்தாள்.

"மங்களமா? இன்னாடி, எப்டி கீற?"

மங்களம் தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நான் வாயத் தெறந்திருக்கணும்" என்று முணுமுணுத்தாள்.

"எனக்கு சுத்தமா கேக்காது. மூஞ்சியப் பாத்து, மெதுவா சொல்லு. உதட்ட வெச்சு புரிஞ்சுக்குவேன்."

முணுமுணுத்துவிட்டுத் தப்பிக்க வழியில்லை. மங்களம் அவள் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக மறுபடி சொன்னாள். "அன்னிக்கு... பயந்துட்டேன். உனக்காக... ஒரு வார்த்த பேசல."

ஷோபனா கடைசி வார்த்தைவரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"பாவி! இத்த சொல்ல இத்தினி வருசமா? என்னப் பாக்க நீ வரலன்னு நான் எவ்ளோ அழுதேன் தெர்யுமா?"

அடித்த கையை அவள் எடுக்கவேயில்லை. மங்களம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.